எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் நெல்லும் பதரும்

இரண்டாம் ஆண்டுத் தமிழ் ஆனர்ஸ் மாணவர் ஒருவர் எழுதியது

களத்தில் நெல்லைத் தூற்றுகின்ற உழவன் பதரைக் காற்றில் விடுகின்றான், மணியைக் குவிக்கின்றான். குவிந்த மணியைக் கண்டு மகிழ்வோர் பலர். பறந்த பதர் எத்துணை என்று கேட்போர் அரியர். ஆயினும் பதர் இன்னது, மணி இன்னது என்று பிரித்தறியும் அறிவு அவ்வுழவனிடம் இல்லையேல் அக்குவியலுக்கு மதிப்பேது? காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் நாட்டில் பிறந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வெளிய உண்மை, புவிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளுக்கும் முற்றும் பொருந்துவதாகும். அக்கருவிகள் கண்டறிந்த அரிய செய்திகளைப் பத்திரிகைகள் பாராட்டுகின்றன. அவை கழித்து ஒதுக்கிய பின்னணியைப் பற்றிப் பேசுவாரில்லை. ஒரு தொலைநோக்கி தன் பின்னணியை எவ்வளவு நன்றாக அறிந்திருக்கின்றதோ அவ்வளவே அதன் சொல் நம்பத்தக்கது என்பதும், ஆதலின் பின்னணியைப் பற்றிய அறிவு நம் கல்லூரிகளில் முதற்பாடமாக வைக்கத்தக்கது என்பதும் யான் இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்துக்களாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஏட்டுச் சுவடியிலிருந்து நூலொன்றைப் பதிப்பித்தோர் செய்த வேலையை அறிந்தவர் அங்ஙனம் வினவார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் அச்சேற்றினார். பல ஊர்களிலிருந்தும் சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே அவர் பாடத்தை நிச்சயித்தார். செல்லரித்த இடம் ஒருவகைக் குறை. எழுதுவோன் கண் தவறி ஓரடியை விட்டது மற்றொரு வகை. பிற்காலத்தார் இடைச்செருகியது வேறொரு வகை. எப்பிழை எக்காரணத்தால் நேர்ந்தது என்று அறிந்த பின்னரே மூலபாடம் துலங்கும். எல்லாவற்றையும் ‘பிழை’ என்று ஒருங்கே தள்ளிவிடுவோன் நல்ல பாடத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். விண்ணை ஆராய்வோர் நிலையும் இதுவே.

எக்ஸ்-கதிரை 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். உடலினூடே பாய்ந்து எலும்பைக் காட்டும் அக்கதிர் நம் தலைமேலுள்ள காற்று மண்டலத்தைக் கடந்து தரைக்கு வந்து சேர்வதில்லை. இதனால் விண்பொருள்களின் எக்ஸ்-கதிரைக் காண விழைவோர் கருவியைக் காற்று மண்டலத்திற்கு மேலே அனுப்புதல் வேண்டும். 1962-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ரிக்கார்டோ ஜியக்கோனியும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோவிலிருந்து ராக்கெட் ஒன்றைச் செலுத்தினர். அது காற்று மண்டலத்திற்கு மேல் நின்றது ஆறு நிமிடத்திற்கும் குறைவே. அச்சிறு பொழுதில் விருச்சிக மண்டலத்தின் திசையில் வலிமை மிக்க எக்ஸ்-கதிர் மூலம் ஒன்று புலப்பட்டது. அதனுடன், வானத்தின் எப்பக்கம் திரும்பினும் ஒரே சீராக வரும் மங்கலான எக்ஸ்-கதிர் ஒளியும் புலப்பட்டது. மூலமும் பின்னணியும் ஒரே நாளில் பிறந்த இரட்டையர் எனலாம். பல துறைகளில் முதலில் பொருள் கண்டறியப்பட்டு, பின்னர்ப் பின்னணி நினைக்கப்படும். இத்துறையிலோ இரண்டும் உடன்தோன்றின. அவ்வெற்றிக்குக் காரணமாயிருந்தவற்றுள் ஒன்று, துகள்களால் விளையும் பொய்க்குறிகளை விலக்கும் காவற்கருவி அந்த ராக்கெட்டிலேயே வைக்கப்பட்டிருந்தமை. இத்துறைத் தொண்டிற்காக 2002-ஆம் ஆண்டில் ஜியக்கோனி நோபல் பரிசு பெற்றார்.

இனி, பின்னணி என்பது யாது என ஆராய்வாம். கண்ணால் காணும் ஒளி வெள்ளமாக வந்து விழுகின்றது. எக்ஸ்-கதிரோ துளித்துளியாக வருகின்றது. கருவி ஒவ்வொரு துளியையும் தனித்தனியே எண்ணுகின்றது. அமெரிக்காவின் சந்திரா தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியை நெடுங்காலம் உற்றுநோக்கியபோது, மிக மங்கிய பொருள்கள் சிலவற்றிலிருந்து வந்த துளிகள் சில நாட்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தன. இத்துணைச் சிறிய வரவை எண்ணுகின்ற கருவியின் மீது வேறு ஏதேனும் வந்து மோதினாலும் அது ‘ஒன்று’ என்றே எண்ணிவிடும். அங்ஙனம் எண்ணப்பட்ட பிற யாவும் பின்னணியாம். அது ஐந்து வாயில்களின் வழியே புகுகின்றது.

முதல் வாயில் வானமே. 1962-இல் காணப்பட்ட அந்தப் பரந்த எக்ஸ்-கதிர் ஒளி, நாம் நோக்கும் பொருளைச் சூழ்ந்து எப்பொழுதும் இருந்துகொண்டே இருக்கின்றது. அதன் பெரும்பகுதி, தொலைதூரத்து விண்மீன் மண்டலங்களின் நடுவே அமர்ந்துள்ள மாபெருங் கருந்துளைகளைச் சூழ்ந்த பொருள் உமிழும் கதிரே எனச் சந்திரா போன்ற கருவிகள் பிற்காலத்தில் தனித்தனியே பிரித்துக் காட்டின.

இரண்டாம் வாயில் காஸ்மிக் கதிர். 1912-ஆம் ஆண்டில் விக்டர் ஹெஸ் என்பார் பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அளந்து, விண்ணிலிருந்து ஊடுருவும் கதிர் வருகின்றது என்று காட்டினார். பெரும்பாலும் புரோட்டான்களாலாகிய இத்துகள்கள் கருவியைத் துளைத்துச் செல்லும்போது நேரே குறி பதிப்பதுண்டு. அதனினும் வஞ்சகமானது அவை விண்கலத்தின் உடலை மோதுவதால் எழும் வினை. மோதப்பட்ட உலோகம் தானே எக்ஸ்-கதிர் உமிழ்கின்றது. அலுமினியம் சுமார் 1.5, செம்பு சுமார் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலில் தத்தம் முத்திரையைப் பதிக்கின்றன. ஐரோப்பியரின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியில் உள்ள ஒரு கருவியில் இச்செம்பின் ஒளியை மட்டும் தனியே படமாக எடுத்தால், நடுவே ஒரு வெற்றிடம் தோன்றும். கருவியின் பின்புறத்து மின்னணுப் பலகையின் நடுவே ஒரு துளை இருப்பதே அதற்குக் காரணம். விண்ணைப் படம்பிடிக்கச் சென்ற கருவி தன் முதுகெலும்பையே படம்பிடித்துக்கொண்டது! இதனை அறியாதான் அவ்வெற்றிடத்தை விண்ணில் உள்ளதென்று எழுதிவிடுவான் அன்றோ?

மூன்றாம் வாயில் புவியின் காந்தப்புலத்தில் சிறைப்பட்ட துகள்கள். 1958-ஆம் ஆண்டில் எக்ஸ்புளோரர்-1 என்னும் துணைக்கோளின் கருவியைக் கொண்டு வான் ஆலன் இத்துகட்பட்டையைக் கண்டறிந்தார். புவியின் காந்த நடுவம் புவியின் நடுவத்தினின்று சில நூறு கிலோமீட்டர் விலகியிருப்பதால், தென் அட்லாண்டிக் கடலுக்கும் பிரேஸில் நாட்டிற்கும் மேலே இப்பட்டை தாழ்ந்து தொங்குகின்றது. அங்கே புகும் துணைக்கோளின் மீது துகள்மழை பெய்கின்றது. அப்பொழுது கருவியை இயக்கினால் பயனின்றிப் போவதோடு பழுதும் நேரும்.

ஈண்டு நம் நாட்டின் முயற்சி கருதத்தக்கது. 2015-ஆம் ஆண்டு செப்டெம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட அஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் விண்வெளி வானாய்வுக்கூடம். அது 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டிற்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில், சுமார் 98 நிமிடத்திற்கு ஒருமுறை புவியை வலம் வருமாறு அமைக்கப்பட்டது. இத்துணைக் குறைந்த சாய்வு எதற்கு? தென் அட்லாண்டிக் துகள்மழையின் நடுவே நுழையாமல் அதன் வடவிளிம்பை மட்டும் தொட்டுச் செல்வதற்கே. 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் என்னும் துணைக்கோளுக்கும் இதே உயரமும் இதே சாய்வும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1970-ஆம் ஆண்டில் கென்யாக் கடற்கரையை அடுத்த மேடையிலிருந்து சென்ற உஹுரு என்னும் முதல் எக்ஸ்-கதிர்த் துணைக்கோளும் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுழன்றது.

காரைக்கால் ஏறத்தாழ 10.9 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அஸ்ட்ரோசாட் 6 பாகைக்கு மேல் வடக்கே வருவதில்லை. எனவே அரசலாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று நோக்குவார்க்கு அதன் பாதை என்றும் தென்வானத்திலேயே அமையும். அன்றியும், புவியின் காந்த வேலி காஸ்மிக் கதிரைத் தடுப்பதில் மிக உயர்ந்து நிற்கும் இடங்களுள் தென்னிந்தியாவும் அதனையடுத்த இந்தியப் பெருங்கடலும் அடங்கும். இங்கே சுமார் 1,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுடைய புரோட்டான்கள் செங்குத்தாக வந்து புகுதல் இயலாது. ஆகவே நம் தென்கடலின் மேல் செல்லுங்கால் அக்கருவிக்குத் துகள் தொல்லை குறைவு. அட்லாண்டிக் கடலின் மேல் செல்லுங்கால் மிகுதி. பின்னணி என்பது நூலகத்தில் மட்டும் வாழும் பொருளன்று. அதற்கு நிலப்படமும் உண்டு, அந்நிலப்படத்தில் நம் ஊரும் உண்டு என்பதை இதனால் உணரலாம்.

துகள்மழையைக் கடந்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று எண்ணுதலும் கூடாது. புரோட்டான்கள் மோதியதால் கருவியின் அணுக்கள் சில கதிரியக்கம் எய்துகின்றன. மழை விட்டும் தூவானம் விடாதவாறு போல, அவை நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் தேய்ந்துகொண்டே குறிகளைப் பதிக்கும். எனவே கருவி இப்பொழுது எங்கே இருக்கின்றது என்பது மட்டுமன்றிச் சற்று முன்னர் எங்கே இருந்தது என்பதும் கணக்கில் வரல் வேண்டும்.

நான்காம் வாயில், கதிரைக் குவிக்கும் ஆடியே. ஆற்றல் குறைந்த புரோட்டான்கள் எக்ஸ்-கதிரைப் போலவே ஆடியில் பட்டுச் சறுக்கிக் குவியத்தில் வந்து விழுகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஏவப்பட்டது. ஏவிய சில வாரங்களுக்குள்ளேயே இப்புரோட்டான்கள் அதன் ஒளிப்படக் கருவியிலுள்ள சில்லுகள் பலவற்றைப் பழுதாக்கின. காரணம் கண்டறிந்த பின், துகட்பட்டையைக் கடக்கும் போதெல்லாம் அக்கருவியைக் குவியத்தினின்று விலக்கி வைக்கும் வழக்கம் மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டன், இப்புரோட்டான் வீச்சுக்களால் தன் நோக்குநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாழ்படக் கண்டது. பல கோடி செலவிட்டுப் பெற்ற காலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால், இவ்விரைச்சல் சிறு தொல்லை என்று யார் கூறுவார்?

ஐந்தாம் வாயில் கருவியின் உள்ளேயே உள்ளது. வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் தாமே அசைந்து குறி பதிக்கும். அஸ்ட்ரோசாட்டின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியிலுள்ள சில்லு சுழியத்திற்குக் கீழ் 80 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கப்படுவது இதனாலேயே. அதன் மற்றொரு கருவியாகிய காட்மியம்-துத்தநாக-டெல்லுரைடுக் கருவியில் 16,384 சிறு கட்டங்கள் உள. அவற்றுட் சில எக்ஸ்-கதிர் வராத போதும் ஓயாது குறி எழுப்பும். வகுப்பில் கேள்வி கேட்கப்படாத போதும் கை தூக்கும் மாணவரைப் போன்ற அவற்றை அடையாளங்கண்டு வாயடைத்தல் வேண்டும்.

இவ்வைந்து வாயில்களையும் அடைப்பதற்குப் பலவகை உபாயங்கள் கையாளப்படுகின்றன. முதன்மைக் கருவியின் கீழே காவற்படிகம் ஒன்றை வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் குறி விழுமாயின் வந்தது துளைத்துச் செல்லும் துகளே என்று தள்ளுவர். எக்ஸ்-கதிர் சில்லின் ஓரிரு கட்டங்களில் அடங்கும். துகளோ நீண்ட கோடு கிழிக்கும். ஆதலின் வடிவம் நோக்கியும் தள்ளுவர். அஸ்ட்ரோசாட்டில் மின்னூட்டத் துகள்களை எண்ணுவதற்கென்றே தனிக்கருவி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. துகள்மழை தொடங்கியதும் அது பிற கருவிகளுக்கு எச்சரிக்கை தருகின்றது. ஒரே காஸ்மிக் துகள் கலத்தின் உடலில் மோதிப் பல குறிகளைக் கொத்தாகப் பதிப்பதும் உண்டு. அக்கொத்துக்களைக் கால இடைவெளி கொண்டு கண்டறிந்து நீக்க முறைகள் வகுக்கப்பட்டுள. இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதை அளக்க, பொருளேதும் இல்லாத வெற்றுவானத்தை நோக்கி எண்ணிப் பார்ப்பர். ஒன்றுமில்லாததை நோக்கிச் செலவிடும் அப்பொழுதே மற்றெல்லாப் பொழுதுக்கும் உறுதி அளிக்கின்றது.

இங்கே பலரும் ஒருங்கே குழப்பும் இரு பொருள்களைப் பிரித்துரைக்க விரும்புகின்றேன். பின்னணி வேறு, இரைச்சல் வேறு. ஓரிடத்தில் பின்னணியாக 10,000 குறிகள் விழும் என்று நாம் முன்னரே அறிவோமாயின் அத்தொகையைக் கழித்துவிடலாம். ஆயின் அப்பத்தாயிரம் ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்தாயிரமாக விழாது. அதன் வர்க்கமூலமாகிய 100 என்ற அளவுக்கு ஏறியும் இறங்கியும் விழும். இந்த ஏற்றத்தாழ்வே மெய்யான இரைச்சல். இதனைக் கழிக்க ஒருவராலும் இயலாது. பத்தாயிரத்தின் மேல் 60 குறி மிகுந்திருப்பின் புதுப்பொருள் கண்டேன் என்று கூறுதல் அறிவீனம். 600 மிகுந்திருப்பின் கூறலாம். ஆனால் பின்னணி பத்தாயிரம் என்று நாம் கொண்ட மதிப்பே நூற்றுக்கு இரண்டு பங்கு தவறாயின், அங்கே 200 குறிகள் பொய்யாகத் தோன்றும் அல்லது மெய்யாக மறையும். இத்தவறு நெடுநேரம் நோக்குவதால் தீர்வதில்லை. நேரம் கூடக் கூடப் பொய்யும் உடன் வளரும்.

இதனால் விளையக்கூடிய இடர் கற்பனையன்று. 2014-ஆம் ஆண்டில் இரு குழுவினர் விண்மீன் மண்டலத் திரள்கள் முதலியவற்றின் எக்ஸ்-கதிர் அளவைகளில் சுமார் 3.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலில் மெல்லிய கோடு ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். அவ்விருவருள் ஒரு குழுவினர் 73 திரள்களின் அளவைகளை ஒன்றுசேர்த்திருந்தனர். கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருள் சிதைந்து உமிழும் கதிராக அது இருக்கலாம் என்று உலகெங்கும் ஆர்வம் பொங்கியது. பின்னர் 2016-இல் ஏவப்பட்டுச் சில வாரங்களே இயங்கிய ஜப்பானியரின் ஹிடோமி, பெர்சியஸ் திரளில் அத்தகைய வலிமையுள்ள கோட்டைக் காணவில்லை. 2020-இல் எக்ஸ்எம்எம்-நியூட்டனின் வெற்றுவான அளவைகளை ஆராய்ந்த மற்றொரு குழுவினரும் இருட்பொருள் விளக்கம் பொருந்தாது என்றனர். அறிவித்தவரை யான் இகழவில்லை. அவர்கள் தம் ஐயங்களையும் உடன் எழுதியே வெளியிட்டனர். அண்டத்தின் பெரும் புதிர் ஒன்றன் விடையும், கருவியின் இயல்பை எவ்வளவு அறிவோம் என்னும் சிறு கேள்வியும் ஒரே நூலிழையில் தொங்கின என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஒருவனுக்குப் பதராவது மற்றொருவனுக்கு மணியாகின்றது. ஹெஸ் காலத்தில் மின்காட்டிகளில் காரணம் விளங்காது கசிந்த மின்னூட்டமே காஸ்மிக் கதிரைக் கண்டறியச் செய்தது. இன்று எக்ஸ்-கதிர் ஆய்வாளர் விரட்டும் அதே கதிரை உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் கிரேப்ஸ்-3 என்னும் கருவித்தொகுதியால் விரும்பி எண்ணுகின்றனர். 2015-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஞாயிற்றுப் புயலொன்று புவியின் காந்த வேலியைச் சிறிது நேரம் தளர்த்தியபோது, அக்கருவி காஸ்மிக் கதிர் மிகுந்து வந்ததைப் பதிவு செய்தது. 1996-இல் ஹயகுடாகே வால்மீனிலிருந்து எக்ஸ்-கதிர் வந்தது கண்டு வியந்த அறிஞர், ஞாயிற்றுக் காற்றின் அணுக்கள் பிற அணுக்களிடமிருந்து எலெக்ட்ரானைக் கவரும்போது அக்கதிர் எழுகின்றது என்று பின்னர் அறிந்தனர். அதுவரை காரணம் அறியாதிருந்த வேறு சில பின்னணி ஏற்றங்களும் அதனால் விளங்கின. அஸ்ட்ரோசாட்டின் காட்மியம்-துத்தநாக-டெல்லுரைடுக் கருவியும் உயர்ந்த ஆற்றலில் தன் பக்கச் சுவர்களினூடே வரும் கதிரைத் தடுக்க இயலாதது. அக்குறையே நலமாகி, எத்திசையிலிருந்து வரும் காமாக் கதிர் வெடிப்பையும் காண உதவியது. நூற்றுக்கணக்கான வெடிப்புக்களை அது கண்டுள்ளது. ஆகவே பதரை வீசி எறிவதற்கு முன் ஒருமுறை கையில் ஏந்திப் பார்த்தல் நன்று.

இவையெல்லாம் கணிப்பொறி செய்துகொள்ளும். மாணவன் எதற்குக் கவல வேண்டும் என்று கூறுவாரும் உளர். கணிப்பொறி கழித்தலைச் செய்யும், உண்மை. எதைக் கழிக்க வேண்டும் என்று அதற்குக் கூறியவர் மனிதரே. செம்பின் ஒளியைக் கருவியின் ஒளியென்று ஒருவர் உணர்ந்து எழுதி வைக்காதிருந்தால், கணிப்பொறி அதனை விண்ணின் ஒளியென்றே நமக்குக் கொடுத்திருக்கும். கருவிகளும் மூப்படைகின்றன. அஸ்ட்ரோசாட்டின் பெரும்பரப்பு எண்ணிகள் மூன்றனுள் ஒன்று 2018-ஆம் ஆண்டில் வாயுக்கசிவினால் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டு உழைக்கவென்று அமைக்கப்பட்ட அத்துணைக்கோள் 2025-இல் பத்தாண்டு நிறைத்தது. பத்தாண்டில் ஞாயிற்றின் சீற்றம் ஏறியிறங்கும், சில்லுகள் தேயும், முதலாண்டில் வகுத்த பின்னணி பத்தாம் ஆண்டுக்குப் பொருந்தாது. எனவே இஃது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையன்று.

அழகிய படங்களைக் காட்டினாலன்றி மாணவர்க்கு ஆர்வம் பிறவாது என்பது மற்றொரு கூற்று. படம் ஆர்வத்தைப் பிறப்பிக்கும். அதனை வளர்ப்பது வேலை. நம் கடற்கரை ஊர்க் கல்லூரிகளில் பெருந்தொலைநோக்கி இல்லை. அதற்கு வருந்திப் பயனும் இல்லை. அஸ்ட்ரோசாட் திரட்டிய அளவைகள் 2018-ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் எல்லோரும் எடுத்து ஆராயுமாறு திறந்துவிடப்பட்டுள்ளன. புதுக் கருந்துளையைக் கண்டறிதல் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. வெற்றுவான அளவை ஒன்றை எடுத்து, அதில் விழுந்த குறிகள் அட்லாண்டிக் கடலின் மேல் எவ்வாறு ஏறுகின்றன, தென்னிந்தியக் கடலின் மேல் எவ்வாறு இறங்குகின்றன என்று வரைந்து பார்த்தல் பௌதிக வகுப்பு மாணவர் எவர்க்கும் இயலும். விஞ்ஞானக் கழகங்கள் ஆண்டிற்கு ஒருமுறை புகழ்மிக்க சொற்பொழிவு ஒன்றை ஏற்பாடு செய்வதோடு நில்லாமல், இத்தகைய வேலையொன்றை மாணவர் கையில் கொடுத்தால், அளவைக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள தூரத்தை அவர்கள் தாமே நடந்து அறிவார்கள்.

தமிழ் மாணவர்க்கும் இதில் கடமை உண்டு. நாம் இன்று எல்லாவற்றையும் ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கின்றோம். காரைக்காலின் முதியோர் சிலர் இன்றும் அறிந்த பிரெஞ்சு மொழியிலும் இதே குழப்பம் உண்டு. அம்மொழியார் ‘புருயி தெ ஃபோன்’ என்று பின்னணியையும் இரைச்சலையும் ஒரே தொடரில் பிணைத்துவிட்டனர். நாம் அங்ஙனம் பிணைக்க வேண்டுவதில்லை. விண்ணிலிருந்து எப்பொழுதும் வருவது வான்பின்னணி. துகள்களால் விளைவது துகட்பின்னணி. கருவி தானே எழுப்புவது கருவிக்குறி. கழித்த பின்னும் எஞ்சும் ஏற்றத்தாழ்வே இரைச்சல். இந்நான்கையும் வேறு வேறு சொல்லால் வழங்கினால், பொருளும் மாணவன் உள்ளத்தில் வேறு வேறாகப் பதியும். இச்சொற்களினும் நல்லன பிறர்க்குத் தோன்றலாம். தோன்றினால் அவற்றையே கொள்க. வேண்டுவது வேறுபாடு காத்தலேயன்றி இன்ன சொல் என்னும் பிடிவாதம் அன்று.

நண்பர்களே! ஓர் ஆராய்ச்சியாளன் ‘இது கண்டேன்’ என்று கூறும்போது உலகம் கைதட்டுகின்றது. ‘இவ்வளவு என் கருவியினுடையது, இவ்வளவு வானத்தினுடையது, எஞ்சியது இவ்வளவே’ என்று அவன் கணக்குக் காட்டும்போது கைதட்டுவார் இல்லை. ஆயினும் முன்னதை நம்பத்தக்கதாக்குவது பின்னதே. செய்திகளும் படங்களும் நாற்புறமும் வந்து குவியும் இந்நாளில், கண்டதைக் கூறுவோரைக் காட்டிலும் கழித்ததைக் கணக்கிட்டுக் கூறுவோரே நமக்கு மிகுதியும் தேவை. அக்கணக்கு வழக்கத்தை நம் கல்லூரிச் சோதனைச்சாலையிலும் வகுப்பறையிலும் இவ்வாண்டே தொடங்குவோமாக.